கிழிக்காத காலண்டர்

போன வாரம் பிரஸ்ஸுல இருந்து ஒரு போன். புரூஃப் பாக்குற புதுப் பொண்ணு. முப்பது வருசத்துக்கு மேல நான் உக்காந்து தேச்ச நாற்காலியில இப்ப அதுதான் உக்காந்திருக்கு.

"சார், ஒரு தினசரி காலண்டர் பைல் ஓப்பன் பண்ணிருக்கேன். அதுல ராகுகாலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. கீழ அந்த எடத்துல ஏதோ ஆளுக பேரா இருக்கு சார். சடையன்னு நெறைய வருது. முருகன்னும் வருது, அது சாமி பேரா என்னன்னு தெரியல. எல்லாத்தையும் அழிச்சுட்டு ராகுகாலத்தப் போட்டுரவா?"

எனக்குக் கையில இருந்த காபி தளும்பிருச்சு. "தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும், அதுல கைய வச்சிராத"ன்னு கத்திட்டேன். கத்துன பிறகு பாவமா இருந்துச்சு. அந்தப் பிள்ளை கேட்டதுல என்ன தப்பு? ராகுகாலம் இல்லாத தினசரித் தாளு சிவகாசியில உப்பில்லாத குழம்பு மாதிரி. நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கேட்டவன்தான்.

"அம்புட்டுப் பெரிய பார்ட்டியா சார்?"ன்னுச்சு.

"பெரிய பார்ட்டிதான். போன்ல சொல்லி மாளாது. எழுதித் தாரேன்"னு சொன்னேன். அதான் இது.

நான் பத்தாவது முடிச்ச கையோட பிரஸ்ஸுக்கு வந்தவன். முத அஞ்சு வருசத்துக்கு அஞ்சு வரி போதும். ஈய எழுத்துப் பொறுக்கினேன். நகக்கண்ணு கருத்துச்சு. கம்ப்யூட்டர் வந்துச்சு, ஈயத்த உருக்கப் போட்டுட்டாக. 'சங்கரலிங்கத்துக்கு எழுத்து மேல கண்ணு நிக்கும்'னு யாரோ சொல்ல, புரூஃப்ல உக்கார வச்சுட்டாக. அதுல இருந்து வருசத்துக்கு முன்னூத்தறுபத்தஞ்சு தாளு, ஒவ்வொண்ணுலயும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகுகாலம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் திங்கக்கிழமை ஏழரை ஒம்போதுன்னு சொல்லுவேன். என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் நிறைய தடவ எழுப்பிக் கேட்டிருக்கா, கேலிக்கு.

எங்க முதலாளியப் பத்திச் சொல்லணும். சத்தம் போட மாட்டாரு. நடக்கும்போது பேச மாட்டாரு, பேசும்போது நடக்க மாட்டாரு. வெள்ளைச் சட்டை, கையில எப்பவும் ஒரு கைக்குட்டை. வருசா வருசம் முத லோடு வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கட்டப் பிரிக்கச் சொல்லுவாரு. நடுவுல இருந்து ஒரு காலண்டர உருவி ஆணியில மாட்டி, ஜனவரி ஒண்ணாந்தேதித் தாள இடது கையால இழுப்பாரு. சர்ருன்னு ஒரே இழுப்புல வரணும். மேல தகரப்பட்டையில ஒரு துணுக்குக்கூட ஒட்டி நிக்கக் கூடாது. வந்துட்டா அந்தத் தாளக் கசக்கிக் கூடையில போட்டுட்டு, "ஏத்துங்க"ம்பாரு. துணுக்கு நின்னுச்சுன்னா லோடு நகராது.

ஏன் இடது கைன்னு ஒரு நாள் கேட்டேன். "காலையில பொம்பளைக வலது கையில கரண்டி வச்சிருப்பாக. இடது கையாலதான் கிழிப்பாக. அதுல கிழிஞ்சாத்தான் காலண்டரு"ன்னாரு. நாப்பது வருசம் தொழில் பண்றவரு எதையெல்லாம் யோசிக்காருன்னு அன்னைக்கு எனக்கு மலைப்பா இருந்துச்சு.

தண்டனையும் அவருக்குன்னு ஒரு தினுசு. நான் புரூஃப்ல உக்காந்த மூணாவது வருசம் ஆடி அமாவாசைய ஒரு நாள் தள்ளிப் போட்டுட்டேன். கட்டு கட்டாத் தச்ச பிறகு ஒரு ஏஜெண்டு கண்டுபிடிச்சாரு. எல்லாக் கட்டுலயும் அந்த ஒத்தத் தாள மாத்தினோம், ராத்திரி பகலா. முதலாளி ஒரு வார்த்த வையல. மாத்தாத காலண்டர் ஒண்ண எடுத்து என் கையில குடுத்து, "வீட்டுல மாட்டு. வருசம் பூராப் பாரு"ன்னாரு. மாட்டினேன். ஆடி வரைக்கும் அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பாமத்தான் சோறு தின்னேன். அதுக்குப் பிறகு அமாவாசையில தப்பு விட்டதே இல்ல. நான் விட்ட அடுத்த பெரிய தப்பு பஞ்சாங்கத்துல இல்ல.

ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின வருசம், ஆடிப்பெருக்கு அன்னைக்கு. எங்க ஊர்ல அன்னைக்குத்தான் அடுத்த வருசக் காலண்டர் ஆல்பம் பூஜை போட்டு வெளிய விடுவாக. எல்லா ஊர் ஏஜெண்டும் வந்து குவிஞ்சிருப்பாக. சந்தனம், சுண்டல், லட்சுமி படத்துல எத்தன மாடல்னு ஒரே கூச்சல். அதுக்கு நடுவுல ஒரு அம்மா, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பள்ளிக்கூட நோட்டு ஒண்ண நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாக. சேல்ஸ் பையனுக சாமிப் படம் பாக்க வந்தவுகன்னு நினைச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளி, கடைசியில என் மேசையில வந்து விட்டுட்டாக.

"என் பேரு செவந்தி சார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேக்க, மலையடிவாரத்துல இருந்து வாரேன். நாங்க பளியர். எங்க பாஷையில ஒரு காலண்டர் அடிக்கணும்."

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. "தேதிக்கு ஏதும்மா தனி பாஷை?"ன்னேன்.

அந்த அம்மா கோவிக்கல. சேல முந்தியால முகத்தத் தொடச்சுட்டு உக்காந்தாக. பிள்ளைக தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. பள்ளிக்கூடத்துல தமிழ், சந்தையில தமிழ், போன்ல தமிழ். அவுக பாஷையப் பெருசுக நாலு பேருதான் முழுசாப் பேசுதாக. செவந்தி வயசுக்காரங்களுக்குக் கேட்டாப் புரியும், வாயில வராது. பிள்ளைகளுக்குக் கேட்டாலும் புரியாது.

"எங்க வீடுகள்ல புத்தகம் கெடையாது சார். புத்தகம் குடுத்தாலும் தகரப்பெட்டிக்குள்ள போயிரும். ஆனா காலண்டர் இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க? வாசலுக்கு நேரா தொங்கும். பிள்ளை எந்திரிச்ச உடனே அதத்தான் பாக்கும். தெனம் ஒரு சொல்லு. வருசத்துக்கு முன்னூத்தறுபத்தஞ்சு. அம்புட்டும் வாயில வந்துட்டா எம்பிள்ளைக அந்த நாலு பேரோட உக்காந்து பேசிருமில்ல?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இம்புட்டு வருசம் காலண்டர் தொழில்ல இருக்கேன், இப்படி ஒருத்தர் யோசிச்சு நான் பாத்ததில்ல. முதலாளிகிட்ட கூட்டிட்டுப் போனேன். நின்னு கேட்டாரு. "அந்த ஊருக்குத் தேவை எம்புட்டோ அம்புட்டு அடிச்சுக் குடு. தீபாவளிக்கு முன்ன மேட்டர் வரணும்"னாரு. அவ்வளவுதான், நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

செவந்தி மூணு நிபந்தனை போட்டாக. ஒண்ணு, அவுக ஊருக்கு வெளிய ஒரு காலண்டரும் விக்கக் கூடாது. ரெண்டு, அந்தச் சொல்ல வேற எதுலயும் அச்சடிக்கக் கூடாது, அவுகளக் கேக்காம. அதனாலதான் இங்கயும் நான் ஒரு சொல்லும் எழுதல. மூணாவதுதான் என்னைத் திடுக்குன்னு ஆக்குச்சு.

"அடிச்சு வீணாப் போற தாளு எங்கன சார் போகும்?"

"பட்டாசுக் கம்பெனிக்கு. வெடி சுத்த."

அந்த அம்மா நோட்ட மடியில இழுத்து வச்சுக்கிட்டாக. பிறகு, "எங்களுது ஒரு தாளும் அங்கன போகக் கூடாது. மூட்டை கட்டி எங்ககிட்டயே குடுத்திருங்க"ன்னாக. சரின்னேன்.

நோட்டுல நூத்துச் சொச்சம் சொல்லுதான் இருந்துச்சு. மிச்சம் எல்லாம் ஒரே ஒருத்தர்கிட்ட. சடையன்னு பேரு. நாலு பெருசுகள்ல மூத்தவரு. மலைமேல எந்தப் பாறையில எந்த மாசம் தேன் அடை கட்டும்னு அவருக்குத்தான் தெரியும், அதுக்கான சொல்லு அம்புட்டும் அவர்கிட்டதான். ஆனா மனுசன் வாயத் திறக்க மாட்டேன்னுட்டாரு. அவருக்கு ஒரே மகன், முருகன். பள்ளிக்கூடத்துல எவனோ அவன் பேச்ச வச்சு நையாண்டி பண்ணப்போக, அன்னைல இருந்து வீட்டுலயும் தமிழத் தவிர வேற பேசல. அப்பன் அவரு பாஷையில கேப்பாரு, மகன் தமிழ்ல பதில் சொல்லுவான். வளந்து இங்கன பட்டாசுக் கம்பெனி ஒண்ணுல லோடு ஏத்த வந்துட்டான். "எம்மகனுக்கே வேண்டாத சொல்லு சுவத்துக்கு எதுக்கு?"ன்னு கேட்டிருக்காரு சடையன். செவந்தி நோட்ட மூடிட்டுத் திரும்பிட்டாக.

இங்கதான் நான் மூக்க நுழைச்சேன்.

முத மாதிரித் தாள கம்போஸ் பண்ணி வச்சிருந்தோம். மேல தேதி, நடுவுல சொல்லு, பக்கத்துல சின்னதா ஒரு படம். கீழ ராகுகாலத்துக்கான எடம் காலி. செவந்திக்கு ராகுகாலம் வேண்டாம். "எங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான் சார்"னு சொல்லிட்டாக. ஆனா எனக்குக் கண்ணு உறுத்துது. முப்பது வருசத்துக்கு மேல அந்த எடத்துல ஏதாவது ஒண்ணப் பாத்தே பழகின கண்ணு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாக. "அந்தச் சொல்ல யாரு சொன்னாகளோ அவுக பேர அங்கன போட்டுருவோமே தாயி"ன்னேன். வெறும் எடத்த அடைக்கச் சொன்னதுதான். சத்தியமா வேற யோசனை இல்ல.

செவந்தி முகம் அப்படியே மலந்துருச்சு. மாதிரித் தாள ஊருக்கு எடுத்துட்டுப் போயி சடையன்கிட்ட காட்டியிருக்காக, கீழ அவர் பேரோட. அவருக்கு எழுத்துத் தெரியாது. விரல வச்சு அவர் பேரத் தடவிப் பாத்துட்டு, "இது எல்லா வீட்டுலயும் தொங்குமா?"ன்னு கேட்டிருக்காரு. அன்னைக்குச் சாயங்காலமே சொல்ல ஆரம்பிச்சவரு, ரெண்டு மாசம் ஓயல.

புரூஃபுக்கு வருவோம். பார்ட்டி கையெழுத்து இல்லாம பிளேட் போடக் கூடாது, அது எங்க பிரஸ் சட்டம். செவந்தி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக. "இது என் சொல்லு இல்லையே சார். நான் எப்படி ஒத்தையில போட?" புரூஃப அம்புட்டையும் தூக்கிட்டுப் போயி, ஊர்க் கூட்டம் போட்டு, ஒவ்வொரு தாளா வாசிச்சிருக்காக. பெருசுக கேட்டு, சரின்னு தலையாட்டின பிறகு, வீட்டுக்கு ஒரு ஆளா கைநாட்டும் கையெழுத்துமா ஒரு முழுத் தாளு நெறையக் கொண்டு வந்து நீட்டினாக. சீசன் உச்சத்துல மெஷின் காத்துக்கிட்டு நிக்கிது, மெஷின் ஆபரேட்டர் என்னைய வையிறான். ஆனா நான் புரூஃப் பாத்த காலத்துல அம்புட்டுக் கையெழுத்தோட ஒரு வேலையும் மெஷின் ஏறினதில்ல.

ஐப்பசியில கட்டு ரெடி. செவந்தி வந்திருந்தாக. முதலாளி எப்பவும் போல ஒண்ண உருவி மாட்டி, இடது கையால இழுத்தாரு. சர்ருன்னு வந்துச்சு. கசக்கிக் கூடையில போட்டுட்டு, "ஏத்துங்க"ன்னாரு. செவந்தி குனிஞ்சு கூடையில இருந்து அந்தத் தாள எடுத்தாக. தொடையில வச்சு நீவி நீவிச் சுருக்கத்த எடுத்து, நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாக. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

எனக்குன்னு ஒரு காலண்டர் குடுத்தாக. "நீங்க எங்க ஊரு மாதிரிதானே அண்ணே"ன்னாக. அன்னைக்குத்தான் சார் போயி அண்ணே ஆச்சு. வீட்டுல மாட்டினேன். ஜனவரி ஒண்ணுல இருந்து தெனம் காலையில கிழிப்பேன், சொல்ல ஒருக்க வாய்விட்டுப் படிப்பேன், கையில குடுப்பேன் பொன்னுத்தாய்கிட்ட. அவ தினசரித் தாள எறிய மாட்டா. பின்பக்கம் வெள்ளையா இருக்குன்னு மளிகைச் சாமான் லிஸ்ட் எழுத ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வைப்பா. தை கடைசியில சடையன் தவறிட்டாருன்னு செவந்தி போன் பண்ணினாக. மகன் வந்து காரியம் முடிச்சு மறுநாளே கெளம்பிட்டான்னும் சொன்னாக. வருத்தப்பட்டேன். காரியத்துக்குப் போகணும்னு நினைச்சேன், போகல.

சித்திரையில, அடுத்த வருசக் காலண்டருக்குப் பேச வாங்கன்னு கூப்பிட்டாக. பஸ் இறங்கி ஊருக்குள்ள நடக்கேன், ஒரு வாண்டுக் கூட்டம் ஓடி வந்து ஒரு சொல்லச் சொல்லிச்சுக. எனக்குத் தெரிஞ்ச சொல்லு! ஜனவரி ஒண்ணாந்தேதிச் சொல்லு. சடையன் குடுத்தது. காட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவன வாசல்ல பாத்துக் கேக்குற சொல்லு அது. நம்ம 'வந்துட்டியா'வுக்குப் பக்கத்துல வரும், ஆனா அதவிடக் கொஞ்சம் கூட. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. நடந்துருச்சு, நம்ம காலண்டர் வேலை செஞ்சிருச்சுன்னு நினைச்சேன். வாசலுக்கு வாசல் அதே சொல்லு. சந்தோசத்துல, "சரி, வேற சொல்லுங்க"ன்னேன். பிள்ளைக ஒண்ணோட ஒண்ணு முழிச்சுதுக.

பிறகுதான் சுவத்தப் பாத்தேன். ஜனவரி ஒண்ணு. அடுத்த வீடு, ஜனவரி ஒண்ணு. அதுக்கடுத்த வீடு, ஜனவரி ஒண்ணு. சித்திரை வெயிலு மண்டையப் பிளக்குது, ஊரு பூரா மார்கழியில நிக்கிது. ஒரு தாளுகூடக் கிழிக்கல.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "என்ன செவந்தி இது? இதுக்கா நான் கண்ணு போகப் புரூஃப் பாத்தேன்? இதுக்கா மெஷின நிறுத்தி வச்சோம்? நாலு மாசத்துல ஒரே ஒரு சொல்லு!"

செவந்தி கண்ணுல தண்ணி நின்னுச்சு. "எனக்கு மட்டும் ஆசையில்லையா அண்ணே? வீடு வீடாப் போயிக் கெஞ்சிட்டேன். எங்களுக்குன்னு அப்படி ஒரு கட்டுப்பாடும் கெடையாது. மனசு வரல, அம்புட்டுதான். கீழ சடையன் பேரு இருக்கு. உசிரோட வாசல்ல உக்காந்திருக்க மனுசன் பேர எப்படிக் கிழிச்சுக் குப்பையில போடன்னு கேட்டாக. அவரு போன பிறகு கேக்கவே வேண்டாம். எனக்கே கை வரல அண்ணே. நாலு பேரு மூணு பேராயாச்சு. பிள்ளைக வாயில ஒத்தச் சொல்லு."

பேரப் போடச் சொன்னது யாரு? நான். ஒரே இழுப்புல கிழியணும், மிச்சம் நிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது யாரு? நாங்க. கிழிச்ச தாளு எங்க போகும்னு ஒருத்தனாவது யோசிச்சமா? அந்த அம்மா முத நாளே கேட்டாக, வீணாப் போற தாளு எங்கன போகும்னு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

சாயங்காலம் மரத்தடியில கூட்டம். நான் எந்திரிச்சு, "அடுத்த வருசம் பேர எடுத்துருவோம். ராகுகாலமோ பொன்மொழியோ எதையாவது போட்டுக்கிடலாம்"னேன்.

செவந்தி ஒரே வெட்டா வெட்டிட்டாக. "பேர எடுத்தா யாரு சொன்னான்னு தெரியாமப் போயிரும் அண்ணே. சடையன் பேருக்காகத்தான் குடுத்தாரு. எடுக்க மாட்டோம்." பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி, மெதுவாக் கேட்டாக: "கிழிச்சு எறியறதுதானே கஷ்டம்? கிழிச்சுக் கையில குடுத்தா?"

செவந்தியே சொன்னாக. காலையில பிள்ளை தாளக் கிழிக்கணும். யாரு பேரு போட்டிருக்கோ அவுக வீட்டு வாசலுக்குப் போயி அந்தச் சொல்லச் சொல்லணும். அவுக அந்தப் பாஷையிலயே பதில் சொல்லி, தாளக் கையில வாங்கி வச்சுக்கிடணும். பதில் கெடைக்காம பிள்ளை நகரக் கூடாது. பெருசுக மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. ஒரு பாட்டையா பல்லில்லாத வாயால சிரிச்சு, "எங்க வாசல்ல கூட்டம் தாங்காது போ"ன்னாரு.

அப்ப பின்னால இருந்து ஒரு அம்மா கேட்டுச்சு: "முதத் தாளே சடையன் தாளு. அத யாரு கையில குடுக்க?"

சிரிப்பு நின்னுபோச்சு. முதத் தாளு போகாம ரெண்டாவது தாளு வராது. செவந்தி சொன்னாக, "மகன் கையிலதான் குடுக்கணும். அவன் வந்து உக்காந்து வாங்கணும்." யாருக்கும் நம்பிக்கை இல்ல. செவந்தி என்னையப் பாத்தாக. "உங்க ஊர்லதான் இருக்கான் அண்ணே. நாங்க கூப்பிட்டு வரல. நீங்க ஒருக்க பாருங்க."

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவக் கவுத்தேன். நாந்தான் எருமை மாதிரி தெனம் கிழிச்சிருக்கேனே. நல்ல காலம், பொன்னுத்தாய் ஒண்ணையும் எறியல. சடையன் பேரு போட்ட தாளுகளப் பொறுக்கினோம். ஒவ்வொண்ணு பின்னாடியும் அவ எழுத்து. துவரம்பருப்பு, புளி, சீயக்கா. "அய்யய்யோ, இதப் போயி எப்படிங்க குடுப்பீக?"ன்னு தலையில கை வச்சா. விசயத்தச் சொன்ன பிறகு சேலத் தலப்பால ஒவ்வொண்ணாத் தொடச்சு அடுக்கி, அவளே ஒரு துணிப்பைக்குள்ள வச்சுக் குடுத்தா.

விஸ்வநத்தம் போற ரோட்டுல கம்பெனி. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியில நாலஞ்சு பேரு தூக்குச்சட்டியத் தொறந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. முருகனக் கேட்டேன். ஒருத்தன் எந்திரிச்சான். முப்பது வயசு இருக்கும், தோள்ல துண்டு, தோள்பட்டை காய்ச்சிருந்துச்சு. செவந்தி ஊருன்னு சொன்ன உடனே என்னைத் தள்ளிக் கூட்டிட்டுப் போகப் பாத்தான். கூட்டாளிக காது இங்கதான் இருந்துச்சு.

பையத் தொறந்து தாளுகளக் குடுத்தேன். மேல இருந்தது ஜனவரி ஒண்ணு. அப்பன் பேர வாசிச்சான். அடுத்தத வாசிச்சான். அதுக்கடுத்தது. திருப்பினான். "பச்சரிசி, வெல்லம், ஏலக்கா"ன்னு வாசிச்சுட்டு என்னையப் பாத்தான்.

"அது எம் பொஞ்சாதி எழுதினது. மன்னிச்சுக்கோங்க தம்பி. எங்களுக்குத் தெரியல"ன்னேன்.

ஊரு போட்ட சட்டத்தச் சொன்னேன். சொல்லிட்டு, நானும் அந்த ஊரு மாதிரிதானே, அவனுக்கு நேரா நின்னு ஜனவரி ஒண்ணாந்தேதிச் சொல்லச் சொன்னேன். என் வாயில எப்படி வந்துச்சோ. அவன் மூஞ்சி மாறிப் போச்சு. உதடு அசைஞ்சுச்சு. இதோ சொல்லிருவான்னு நிக்கேன்.

மரத்தடியில இருந்து ஒருத்தன், "ஏலே முருகா, என்ன பாஷைலே அது? மலையாளமா?"ன்னான்.

முருகன் திரும்பிப் பாக்காமலே, "தெரியல"ன்னான்.

எனக்கு அவனைக் கோவிக்க மனசு வரல. அழுகதான் வந்துச்சு. தாளுகள அவன் திருப்பிக் குடுப்பான்னு கைய நீட்டினேன். குடுக்கல. சட்டைப் பைக்குள்ள வச்சுப் பித்தானப் போட்டான். "மிச்சத் தாளு?"ன்னு கேட்டான், எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

"உங்க ஊர்ல, வீட்டுக்கு வீடு தொங்குது. நீங்க போயித்தான் வாங்கணும்."

பெல் அடிச்சுச்சு. உள்ள போயிட்டான்.

மறுநாள் பிரஸ்ஸுல முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நின்னாரு. "கிழிக்காத காலண்டர நாம அடிச்சதில்லையேடா"ன்னு மட்டும் சொல்லிட்டு, கைக்குட்டையால முகத்தத் தொடச்சுக்கிட்டுப் போனாரு.

அந்த வாரம் பூரா போன எடுப்பேன், வச்சிருவேன். செவந்திக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்ல? மகன் தெரியலன்னுட்டான்னு சொல்லவா? ஞாயித்துக்கிழமை காலையில அவுகளே பண்ணினாக. பின்னால ஒரே சத்தம், யாரு பேசறதுன்னே கேக்கல.

"அண்ணே, முருகன் வந்திருக்கான். முத பஸ்ஸுல வந்தான். எங்க பிள்ளைகளுக்குத்தான் ஒத்தச் சொல்லு தெரியுமே, அம்புட்டும் ஓடிப்போயி அவன் முன்னால நின்னு அதச் சொல்லிருச்சுக. அவன் அப்படியே அப்பன் வாசல்ல உக்காந்துட்டான் அண்ணே. ரொம்ப நேரம் பேசல. பிள்ளைகளும் நகரல, பதில் வராம நகரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோமே. பிறகு எங்க பாஷையிலயே பதில் சொன்னான். எங்கப்பன் காலத்துல கேட்டது, அப்படியே சொன்னான்."

செவந்தி கொஞ்சம் மூக்க உறிஞ்சிக்கிட்டாக.

"எல்லா வீட்டுலயும் கிழிச்சாச்சு அண்ணே. அவன் கையில குடுக்க வாசல்ல வரிசையில நிக்கிதுக."

முப்பத்தெட்டு வருசம் ஒரே பிரஸ்ஸுல வேலை பாத்தவனுக்கு வேற என்ன கேக்கத் தெரியும்? "ஒரே இழுப்புல வந்துச்சா தாயி?"ன்னேன்.

"ஒரே இழுப்புல வந்துச்சு அண்ணே."